ஷட்டருக்கு வெளியே நின்றவர்

"அப்பா, கதவ உடைக்க யாராவது வந்தா நீ அடிப்பியா, அடி வாங்குவியா?"

காவலாளி முதன்முதலாகச் சீருடை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற காலையில் அவருடைய மகள் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் தொப்பியை மூக்குவரை இறக்கிப் போட்டுக்கொண்டு அதற்குள்ளிருந்து கேட்டாள். "யாரு வரப்போறா? உள்ள தங்கமா இருக்கு? வெறும் பேப்பர்டி" என்று சிரித்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அவர் காவல் காத்தது ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் சிறிய கிளை. முன்னறையில் ஒரு கவுண்டர், சுவரில் விலைகள் ஓடும் டிவி, நாலு நாற்காலிகள். பின்னால் மேனேஜர் அறை, அதையும் தாண்டி சந்துக்குப் போகும் ஒரு பின்கதவு. வாசலில் கண்ணாடிக் கதவு, அதற்கு முன்னால் இரும்பு ஷட்டர். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்குவது, கூட்டிப் பெருக்குவது, சுவரில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகைகளைத் துணியால் துடைப்பது, பிறகு மாலைவரை நிற்பது. காவலாளி உட்காரக் கூடாது என்பது கம்பெனி விதி.

ஏழு வருஷம் நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கவுண்டருக்கு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் நாளே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வாசலோரம் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அது கஸ்டமர் சேர்."

"கஸ்டமர் இல்லாத நேரத்துல அண்ணன்தான் சார் கஸ்டமர்" என்றாள். மேனேஜர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் உட்கார்ந்தார். உலகத்தில் இதெல்லாம் ஒரு உதவியா என்று கேட்பவர்கள் ஏழு வருஷம் நின்று பார்க்கவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த பத்தாம் வருஷம் பேட்டரிக் காய்ச்சல் வந்தது. பத்து நிமிஷத்தில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி செய்கிற ஒரு கம்பெனி முதல்முறையாகப் பங்கு வெளியிடப்போகிறது என்று செய்தி. தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "பேட்டரி போட்டாச்சா?" என்று கேட்டார்கள். இதையெல்லாம் ஊதிப் பெரிதாக்கியவர் முனைக்கடைப் பழைய இரும்பு வியாபாரி. எதைப் பற்றிப் பேசினாலும் பத்து மடங்கு ஏறும் என்பார். அதனால் தெருவே அவரைப் பத்துமடங்கு என்றுதான் கூப்பிட்டது. வெளியீட்டு விலையில் ஒரு கட்டுப் பங்கு கேட்டு விண்ணப்பம் போடவேண்டும், கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல், விழுந்தவனுக்குச் சுக்கிரதிசை என்று டீக்கடையில் பாடமே நடத்தினார்.

கைப்பேசியில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் கிளைக்கு வந்தார்கள். படிவத்தில் இரண்டு பிரதி எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வங்கியில் பணத்தை ஒதுக்கி வைக்கச் சம்மதம் தரவேண்டும். ஒரு பிரதியை வைத்து அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மற்றது வாசலோரத் தட்டில் கிடக்கும்.

கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு கம்ப்யூட்டர் நின்றுபோனது. நாடெங்கும் ஒரே நேரத்தில் முட்டி மோதியதில் சர்வர் படுத்துவிட்டது என்றார்கள். கியூவில் இருபத்துமூன்று பேர். முதல் கால்மணி முணுமுணுப்பு. அடுத்த கால்மணியில் ஒரு மாமனும் மச்சானும், யார் முன்னால் நின்றது என்று ஆரம்பித்து, சட்டையைப் பிடித்து, சுவரில் மோதிக்கொண்டார்கள். மச்சானின் பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. விலக்கப் போன காவலாளிக்கு உதடு கிழிந்தது.

கியூவின் கடைசியில் நாலு கடை தள்ளியிருக்கும் பட்டறை வெல்டர் நின்றார். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார், கையெல்லாம் கரி. இருபது வருஷமாகத் தீப்பொறியைப் பார்த்துப் பார்த்து அவர் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. படிவத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

"வாட்ச்மேண்ணே, இது ஒண்ணு விழுந்துட்டா பட்டறைய மூடிருவேன். டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் ரெண்டு வருஷம் தீயப் பாத்தா கண்ணு அவ்வளவுதான்னு. சின்னதா ஒரு கடை வச்சு உக்காந்துக்கலாம். போட முடியாதா?"

மேனேஜர் வந்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, படிவத்த வச்சிட்டுப் போங்க, சர்வர் வந்தாப் பாப்போம்" என்று விரட்டினார். வெல்டர் படியிறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டுத் தடுமாறியதைக் காவலாளி பார்த்தார்.

நாலு மணிக்கு அவர் ஒரு காரியம் செய்தார். தட்டில் மேலாகக் கிடந்த அந்த இருபத்துமூன்று பேரின் இரண்டாம் பிரதிகளையும் அள்ளி, தொப்பிக்குள் வைத்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். இரண்டு தெரு தள்ளி ஒரு வங்கி. அங்கேயும் விண்ணப்பம் வாங்குவார்கள். அந்த வங்கியின் காவலாளி இவருக்குப் பழக்கம். பக்கவாசல் வழியாக உள்ளே போய், கையைக் காலைப் பிடித்து, நாலு ஐம்பதுக்கு இருபத்துமூன்றுக்கும் முத்திரை வாங்கிவிட்டார். பேர் வரிசையாக எழுதிய ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே திரும்பினார்.

கிளையில் அந்தப் பெண் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரிப்பு.

"நாலரைக்கு சர்வர் வந்திடுச்சுண்ணே. தண்ணிகூடக் குடிக்கல. இருபத்துமூணும் ஏத்திட்டேன், ஒண்ணு விடாம."

காவலாளி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யோசித்தார். ஒரு வழிக்கு இரண்டு வழியாகப் போயிருக்கிறது, நல்லதுதானே? கேட்காமல் படிவத்தை எடுத்துப் போனதற்கு மேனேஜர் திட்டுவார் என்ற பயமும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆறாம் நாள் குலுக்கல் முடிவு வந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, எத்தன பேருக்கு விழுந்துச்சு?"

"அந்த இருபத்துமூணும் செல்லாதுன்னு வந்திருக்குண்ணே. குலுக்கலுக்கே போகல. ஒரே ஆள் பேர்ல ரெண்டு விண்ணப்பம்னு போட்டிருக்கான். நான் ஒரு தடவதாண்ணே ஏத்துனேன்."

காவலாளி மெல்லத் திரும்பினார். பத்து வருஷமாகத் தினமும் காலையில் துடைக்கிற பலகை பின்னால் சுவரில் இருந்தது. அன்றைக்குத்தான் அதைப் படித்தார். சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: ஒருவர் ஒரு விண்ணப்பம் மட்டுமே அளிக்கலாம், ஒன்றுக்கு மேல் அளித்தால் அனைத்தும் நிராகரிக்கப்படும்.

அவள் தண்ணீர் குடிக்காமல் செய்த உதவியும், அவர் மூச்சிரைக்க ஓடிச் செய்த உதவியும் ஒன்றையொன்று அடித்துக் கொன்றுவிட்டன. ஒதுக்கிவைத்த பணம் ஒரு காசு குறையாமல் அவரவருக்குத் திரும்பியது. ஆனால் மனுஷர்கள் அந்தப் பணத்தையா மனசில் வைத்திருந்தார்கள்? வராத லாபத்தில் வீடு கட்டி, வாடகைக்கும் விட்டிருந்தார்கள். ஒருத்தன் கைப்பேசியைச் சுவரில் அடித்து நொறுக்கினான். இன்னொருத்தன் வீட்டில், விண்ணப்பம் போடவேண்டாம் என்று முதலில் சொன்ன மனைவிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அவள் சொன்ன வாய் ராசியால்தான் போனதாம்.

மூன்றாம் நாள் டீக்கடையில் பத்துமடங்கு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருக்கும் அந்த இருபத்துமூன்றில் ஒன்று இருந்தது. "செல்லாதாம்ல? எல்லாம் அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணு வேலை. நம்ம இடத்த வேற யாருக்கோ வித்திருக்கா. இல்லேன்னா இருபத்துமூணும் எப்படிப் போகும்? யோசிங்கப்பா." யோசிக்கச் சொன்னால் மனுஷர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அன்று சாப்பிடும்போது காவலாளி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லது பண்றேன்னு போயி இப்படி நாசம் பண்ணிட்டு வந்து நிக்கிற. யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயத் தெறக்காத. வேலையும் போகும், தோலையும் உரிச்சிருவாங்க. பொண்ணு பரீட்ச எழுதணும்."

"பழி அந்தப் புள்ள மேல விழுதே."

"அவ படிச்சவ. எப்படியாவது பொழச்சுக்குவா."

அவர் எழுந்து கை கழுவினார். ரசீதைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தார், இரண்டு முறையும் மடித்துப் பைக்குள்ளேயே வைத்தார். கடவுளே, நீயே பார்த்துக்கொள் என்று கும்பிட்டார். கடவுள் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் சில வேலைகளை அவர் நம் தலையில்தான் வைப்பார் என்பதும் காவலாளிக்குத் தெரியும். நாலு நாள் அந்த ரசீது நெஞ்சில் நெருப்புத்துண்டுபோலக் கிடந்தது.

பேட்டரி சந்தைக்கு வரும் நாளும் வந்தது. காலை பத்து மணிக்கு டிவியில் முதல் விலை தெரிந்தது: வெளியீட்டு விலையைப்போல மூன்று மடங்கு. தெருவில் ஒரு கூச்சல் எழுந்தது. பங்கு விழுந்தவர்கள் போட்ட கூச்சல் அது. அது அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. கடைசிவரை அதுதான் காவலாளியின் காதில் நின்றது. அதில் வார்த்தையே இல்லை. மூடிய வாய்களிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல்.

இருபத்துமூன்று பேர்தான் என்றில்லை, அறுபது எழுபது பேர் வந்தார்கள். முதல் கல் கண்ணாடிக் கதவின் நடுவில் விழுந்தது. கதவு சிலந்திவலைபோல விரிசல் விட்டு அப்படியே நின்றது. இரண்டாவது கல்லில் பொலபொலவென்று கொட்டியது. கவுண்டரில் இருந்த பெண்ணின் நெற்றியில் ஒரு சில்லுப் பட்டு ரத்தம் புருவத்தில் இறங்கியது.

"சார்!" என்று மேனேஜர் அறைக்கு ஓடினாள். அறை காலி. பின்கதவுக்கு ஓடித் தள்ளினாள், இழுத்தாள். தன்னைத் துரத்தி வரக்கூடாது என்று மேனேஜர் வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"அண்ணே, பூட்டியிருக்கு" என்றாள். அவள் கத்தவில்லை. அதுதான் காவலாளியை உலுக்கியது. ஒரு குழந்தை சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு, "மேசைக்குக் கீழ போம்மா. போலீசுக்குப் போன் போடு" என்றார். உடைந்த கதவைத் தாண்டி வெளியே வந்து, இரண்டு கையாலும் ஷட்டரை இழுத்துக் கீழே இறக்கினார். குனிந்து பூட்டினார். சாவியைக் கீழிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். அது கண்ணாடிச் சில்லுகள் மேல் சறுக்கிப் போகும் சத்தம் கேட்டது. இனி அதை அவராலும் திறக்க முடியாது. நிமிர்ந்து ஷட்டரில் முதுகைச் சாய்த்தார்.

"ஒதுங்குண்ணே. உன் மேல எங்களுக்குக் கோவம் இல்ல" என்றான் பல் போன மச்சான்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அவ ஒரு தடவதான் போட்டா. ரெண்டாவது விண்ணப்பம் நான் போட்டது."

முன்வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கத விடுறான்யா" என்றார் பத்துமடங்கு பின்னாலிருந்து. "அவளக் காப்பாத்த கத விடுறான்."

காவலாளி சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். முன்னால் நின்ற வெல்டர் அதைப் பிடுங்கினார். இடதுகையில் ஒரு முழம் நீளத்துக்கு இரும்புக் கம்பி. ரசீதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், விரலை ஒவ்வொரு பேராக நகர்த்தினார். கடைசியிலிருந்த தன் பேரில் விரல் நின்றது.

"சர்வர் வராதுன்னு நெனச்சு ஓடினேன்யா. நீ படியிறங்கிப் போனதப் பாத்து..."

"உன்ன யாரு கேட்டா?" வெல்டரின் குரல் உடைந்தது. "நான் உன்னக் கேட்டேனா? சொல்லு, நான் கேட்டேனா உன்ன?"

முதல் அடி அவர் கையிலிருந்து வரவில்லை. பக்கவாட்டிலிருந்து யாரோ குத்தியது காதுக்குக் கீழே பட்டது. பிறகு அடிகள் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் விழுந்தன. தொப்பி பறந்தது. மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் தலைக்குள்ளிருந்தே கேட்டது. வாயில் உப்பும் இரும்பும் கலந்த ருசி. அவர் இடுப்பில் லத்தி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கை ஒருமுறை அதைத் தொட்டது. எதிரே இருந்த முகங்களில் ஒன்றுகூட அந்நியம் இல்லை. தினமும் வணக்கம் சொல்கிற முகங்கள். கையை எடுத்துக்கொண்டார்.

"ஷட்டரத் தூக்குங்கடா. உள்ளதான் இருக்கா" என்று ஒரு குரல். நாலைந்து பேர் குனிந்து அடிவிளிம்பில் விரலைக் கொடுத்து நெம்பினார்கள். பூட்டு முனகியது. காவலாளி தன் வலக்கையை ஷட்டரின் கைப்பிடி வளையத்துக்குள் முழங்கைவரை நுழைத்து, முழு உடம்பையும் கீழே போட்டார். அவர் பாரத்தோடு ஷட்டர் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வயிற்றில் உதைத்தார்கள். முட்டியில் மிதித்தார்கள். கை மட்டும் வளையத்திலிருந்து வரவில்லை.

"விடுடா" என்றார் வெல்டர். "கைய விடுடா. விட்டுத் தொலைடா."

கம்பி தோளில் இறங்கியது. ஒருமுறை. மறுமுறை. மூன்றாவது அடியில் உள்ளே எதுவோ காய்ந்த சுள்ளிபோல முறிந்தது. நாலாவது அடி தோளைத் தவறி வளையத்தில் விழுந்தது. வளையம் பிய்ந்து, கையோடு சேர்ந்து அவரும் படியில் உருண்டார். உள்ளே அந்தப் பெண் ஷட்டரை உள்ளங்கையால் தட்டித் தட்டி, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் கூட்டம் நாலா பக்கமும் சிதறியது. முதலில் ஓடியவர் பத்துமடங்கு. வெல்டர் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கையில் கம்பி, கம்பி முனையில் ரத்தம். தான் செய்ததை இப்போதுதான் பார்ப்பவர்போலக் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

காவலாளிக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றதால் அவரைப் பார்த்தார்.

"போ" என்றார்.

வெல்டருக்குப் புரியவில்லை.

"கம்பியத் தூக்கிட்டுப் போய்யா. வண்டி வந்திருச்சு. போ."

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். இன்ஸ்பெக்டர் மூன்று முறை வந்தார். "தோள உடைச்சது யாருய்யா? பேரச் சொல்லு, உள்ள தள்றேன்."

"கூட்டம் சார். மொகம் தெரியல."

"பத்து வருஷமா அந்தத் தெருவுல நிக்கிற, மொகம் தெரியலயா?"

"கண்ணுல ரத்தம் சார்."

இன்ஸ்பெக்டர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். மனைவி ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பேசாமலேயே வாயில் கஞ்சி ஊட்டினாள். மகள் பரீட்சைப் புத்தகத்தோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயசு. இப்போது அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"சின்னப் புள்ளையில ஒண்ணு கேட்டியே, அடிப்பியா அடி வாங்குவியான்னு."

"எப்பப்பா கேட்டேன்?"

"கேட்ட. கதவச் சாத்துவேன்டி. அதான் பதில். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்."

அவள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வேலை போகவில்லை. அந்தப் பெண் தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதியிருந்தாள். பின்கதவைப் பூட்டிய கதை அதில் இரண்டு பக்கம். மேனேஜர் வேறு எங்கோ போய்விட்டார். மூன்று மாதம் கழித்துக் காவலாளி திரும்பி வந்தபோது வாசலில் அதே நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. டிவியில் பேட்டரியின் விலை, வெளியிட்ட விலைக்கும் கீழே போயிருந்தது. "விழுந்தவங்கல்லாம் இப்ப அழறாங்கண்ணே. பத்துமடங்கு அடுத்த கம்பெனியப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு" என்றாள். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகிறவர்களில் எத்தனை வீட்டில் மனைவி மேல் கை நீளுமோ என்றுதான் நினைத்தார்.

ஒரே ஒரு சங்கடம். வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. ஷட்டரில் கைப்பிடியும் இல்லை, பிய்ந்த இடத்தில் இரண்டு ஓட்டை. முதல் இரண்டு நாள் காலையில் கீழே மண்டியிட்டு, அடிவிளிம்பில் இடக்கை விரல்களைக் கொடுத்து முக்கினார். முழங்கால் உயரத்துக்கு வந்து தடாலென்று விழுந்தது. அந்தப் பெண் வந்துதான் தோள் கொடுத்தாள். ஷட்டர் தூக்க முடியாத காவலாளியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? மறுபடி சத்தத்தோடு விழுந்தபோது, நாலு கடை தள்ளிப் பட்டறை வாசலில் குந்தியிருந்த வெல்டர் தலையைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்தார். அவர் திரும்பி வந்ததிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினார். யாரும் பார்க்கும் முன்னால் எப்படியாவது தூக்கிவிடலாம் என்று நினைப்பு. தெருவில் ஈ காக்கை இல்லை. டீக்கடைகூடத் திறக்கவில்லை. வெல்டரின் பட்டறை சாத்தியிருந்தது. அது எப்போதும் ஒன்பதுக்கு முன்னால் திறக்காது.

ஷட்டருக்கு முன்னால் வந்து குனிந்தவர் அப்படியே நின்றார்.

புதிதாக ஒரு கைப்பிடி இருந்தது. பழையது இருந்த இடத்தில் இல்லை. அதைவிட ஒரு முழம் கீழே, இடது ஓரமாக, இடக்கைக்காரன் பிடிக்கிற வாகில். ஷட்டர் ஓடும் இரண்டு பக்கத் தடங்களிலும் கிரீஸ் பளபளத்தது. படியில் சாம்பல்நிறத்தில் கொஞ்சம் இரும்புப் பொடி. பற்றவைத்த கோடு நேராக இல்லை. கண் சரியாகத் தெரியாதவன் தடவித் தடவிப் போட்டதுபோல வளைந்து நெளிந்து ஓடியது. ஆனால் அதன் பிசிறெல்லாம் அரத்தால் ராவி, ராவி, கையைக் கிழிக்காதபடி குழந்தையின் கன்னம்போல வழவழப்பாக்கியிருந்தது.

தொட்டுப் பார்த்தார். இரும்பில் இன்னும் சூடு முழுசாக ஆறவில்லை.

அவர் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பது நியாயமில்லை என்று தோன்றியது. பூட்டைத் திறந்தார். இடக்கையால் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்து லேசாகத்தான் இழுத்தார். ஷட்டர் சத்தமே இல்லாமல் மேலே போனது.